முதல் பிறந்தநாளுக்கு முந்தைய இரண்டு மாதம்: சேலத்துப் பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

குழந்தைக்குப் பத்து மாதம் முடிந்ததும் வீட்டில் பேச்செல்லாம் விசேஷத்தைப் பற்றித்தான். எந்த மண்டபம், எத்தனை பேருக்குச் சாப்பாடு, மொட்டை எந்தக் கோயிலில், மாமன் சீர் என்ன என்று ஆளுக்கொரு யோசனை. நடக்கட்டும், சந்தோஷமான விஷயம்தான். ஆனால் இதே இரண்டு மாதத்தில்தான் குழந்தை எழுந்து நிற்கப் பழகுகிறது, குழைத்த சோற்றிலிருந்து வீட்டுச் சாப்பாட்டுக்கு மாறுகிறது, விரல் நுனியால் எதையும் பொறுக்கி வாயில் போடக் கற்றுக்கொள்கிறது. இதற்கு வீடு தயாராக இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. முதல் குழந்தை என்றால் எங்கிருந்து தொடங்குவது என்றும் தெரியாது. நான் சொல்லும் வரிசை இதுதான்: முதலில் தரை, அடுத்து தட்டு, அப்புறம் தடுப்பூசி அட்டை. விசேஷம் கடைசி.

முதலில் தரையில் உட்காருங்கள்

குழந்தை தூங்கும் ஒரு மதிய நேரத்தில் கூடத்தில் முழங்காலிட்டு, அதன் கண் உயரத்துக்கு ஒரு சுற்றுப் போய்ப் பாருங்கள். நின்றுகொண்டு பார்த்தால் சுத்தமாகத் தெரிகிற வீடு, கீழிருந்து பார்த்தால் வேறு மாதிரி இருக்கும். கட்டிலுக்கு அடியில் ஹேர்பின், பீரோ ஓரத்தில் கொட்டை பாக்கு, சோபா இடுக்கில் மாத்திரை, சுவரோரம் எறும்பு சாக்பீஸ். கிடைத்ததையெல்லாம் எடுத்துவிட்டு, தினமும் காலையில் ஒரு முறை இப்படிப் பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

நம் ஊரில் தனியாகப் பார்க்க வேண்டியது கொலுசு. வெள்ளிக் கொலுசுக்குப் பெயர் போன ஊர் சேலம். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் தெரிந்த பட்டறைக்காரர் ஒருவராவது எல்லாக் குடும்பத்துக்கும் இருப்பார். குழந்தைக்கு ஒரு வயது ஆவதற்குள் இரண்டு மூன்று ஜோடி சேர்ந்துவிடும். அதில் தொங்கும் முத்து ஒவ்வொன்றையும் பிடித்திருப்பது மெல்லிய கம்பி வளையம் ஒன்றுதான். தவழும் குழந்தையின் கால் நாள் முழுக்கத் தரையில் உரசுகிறது; வளையம் மெல்ல வாய் திறக்கிறது; முத்து பாயில் விழுகிறது. பத்து மாதக் குழந்தை அதைப் பார்த்தால் என்ன செய்யும் என்று ஒரு முறை கவனித்துப் பாருங்கள். அப்படியே நின்றுவிடும். உடம்பெல்லாம் அந்த முத்தின் மேல் குவியும். கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் மட்டும் நீண்டு, நுனியில் அதைப் பிடித்துத் தூக்கும். அடுத்த நொடி அது வாயில் இருக்கும். விரல் வளர்ச்சி சரியாக இருக்கிறது என்பதற்கு இதுவே அடையாளம்; ஆபத்தும் இதிலேயே இருக்கிறது. அதனால் முத்து இல்லாத கொலுசோ, அசையாமல் பற்றவைத்த கொலுசோ வாங்குங்கள். முத்து வைத்தது ஏற்கெனவே இருந்தால் விசேஷத்தன்று மட்டும் போட்டுக் கழற்றி வைத்துவிடலாம். தினமும் போட்டே ஆக வேண்டும் என்று அம்மாயி அடம்பிடித்தால், வாரம் ஒரு முறை ஒவ்வொரு முத்தையும் நகத்தால் இழுத்துப் பாருங்கள். ஆடினால் பட்டறைக்குப் போக வேண்டும்.

வீட்டிலேயே வெள்ளி வேலை நடக்கிற குடும்பங்களும், தறி ஓடுகிற குடும்பங்களும் இங்கே நிறைய. ஆசிட் பாட்டில், பற்றவைக்கிற சாமான், தறிக் குழி, ஓடும் பெல்ட் எதுவும் குழந்தை எட்டும் தூரத்தில் இருக்கக் கூடாது. “நான் பார்த்துக்கிறேன்” என்பது இதற்கெல்லாம் போதாது. வேலை செய்கிறவரின் கண் வேலையில்தான் இருக்கும். வாசலுக்கு இடுப்பளவு மரத் தடுப்பு ஒன்று போட்டுவிடுங்கள். தச்சரிடம் சொன்னால் ஒரு நாள் வேலை.

அடுத்தது தண்ணீர். மேட்டூர்த் தண்ணீர் தினமும் வருவதில்லை என்பதால் பக்கெட், அண்டா, டிரம் என்று எல்லாவற்றிலும் பிடித்து வைக்கிறோம். பிடித்துக்கொண்டு நிற்கிற குழந்தைக்குப் பக்கெட் விளிம்பு நெஞ்சு உயரம். எட்டிப் பார்த்தால் தலையின் கனம் முன்னால் இழுத்துவிடும், திரும்ப எழத் தெரியாது, சத்தமும் வராது. மூக்கும் வாயும் முழுகுமளவு தண்ணீர் போதும், சில அங்குலம்தான். குளியலறைக் கதவுக்கு வெளியே மேல் பக்கம் ஒரு தாழ்ப்பாள் போடுங்கள். பக்கெட்டைக் கவிழ்த்து வையுங்கள். டிரம்முக்கு இறுக்கமான மூடி வேண்டும். மேலே வைத்த தட்டு மூடி ஆகாது.

மற்றவை சுருக்கமாக. ரிமோட்டிலும் வெளிச்சம் போடும் பொம்மைகளிலும் இருக்கும் பொத்தான் பேட்டரியை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். சந்தேகம் வந்தாலே மருத்துவமனைக்கு ஓடுங்கள், வாந்தி எடுக்க வைக்காதீர்கள். டீ டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு குழந்தையை மடியில் உட்கார வைக்கக் கூடாது. பாச்சை உருண்டை, கொசு மருந்து, பினாயில் எல்லாம் மேல் அலமாரிக்குப் போகட்டும். இதுவரை தூங்கிய தூளியில் இனி எழுந்து நிற்கப் பார்க்கும். கவிழ்ந்து விழவும், துணி கழுத்தில் சுற்றவும் வாய்ப்பு அதிகம். தரையில் பாய் விரித்துத் தூங்கப் பழக்க இதுதான் நேரம். இரண்டு மூன்று இரவு அழும், அப்புறம் சரியாகிவிடும்.

தட்டில் என்ன இருக்க வேண்டும்

தாய்ப்பால் இரண்டு வயது வரை, விரும்பினால் அதற்கு மேலும் தரலாம். ஆனால் ஒன்பது மாதத்துக்கு மேல் பால் மட்டுமே வயிற்றை நிரப்பினால் இரும்புச்சத்துக்கு வழியில்லை. ஒரு நாளைக்கு மூன்று அல்லது நான்கு வேளைச் சாப்பாடு, நடுவில் ஒன்றிரண்டு சிறு தீனி. 250 மில்லி கிண்ணத்தில் பாதி ஒரு வேளைக்கு. ஒரு வயது முடிந்ததும் இது முக்கால் கிண்ணத்திலிருந்து ஒரு கிண்ணம் வரை போகும். ஒரு நாள் குறைத்துச் சாப்பிட்டால் பதற வேண்டாம். வாயைத் திருப்பிக்கொண்டால் போதும் என்று அர்த்தம், விட்டுவிடுங்கள்.

பதம் முக்கியம். கரண்டியைச் சாய்த்தால் ஒழுகுகிற கஞ்சி இந்த வயதுக்குப் போதாது. கரண்டியிலேயே நிற்க வேண்டும். மிக்சியை ஒதுக்கிவிட்டுக் கையாலேயே மசியுங்கள். பத்து மாதத்தில் சின்னச் சின்னத் திப்பிகள் வாயில் தட்டுப்படட்டும். எட்டு, ஒன்பது மாதம் தாண்டியும் எல்லாவற்றையும் அரைத்தே கொடுத்த குழந்தைகள் பிறகு மெல்லவே மறுக்கின்றன. ஒரு வேளையாவது தட்டை முன்னால் வைத்துத் தானே எடுத்துத் தின்ன விடுங்கள்: அவித்த கேரட், பரங்கிக்காய், மசிந்த இட்லித் துண்டு, நன்றாக வெந்த முட்டை. பாதி தரைக்குப் போகும், பழைய பெட்ஷீட் ஒன்றை விரித்து வையுங்கள்.

ஜவ்வரிசி பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு உண்டு, ஆத்தூர்ப் பக்கம் மரவள்ளி விளையும் ஊர்களில் அது இல்லாத வீடில்லை. குழந்தைக்கும் ஜவ்வரிசிக் கஞ்சி கொடுத்தால் கொழுகொழுவென்று வரும் என்று சொல்வார்கள். அதில் இருப்பது முழுக்க மாவுச்சத்து. புரதம், இரும்பு எல்லாம் பெயருக்குத்தான். வயிறு நிரம்பிவிடும், நிரம்பிய வயிறு பருப்பையும் கீரையையும் ஏற்காது. எப்போதாவது கொடுக்கலாம், பாசிப்பருப்பும் நெய்யும் சேர்த்து. தினசரிக்கு ராகியும் பருப்புச் சோறும் கீரையும்தான். அசைவம் சாப்பிடுகிற வீடு என்றால் வாரம் ஒன்றிரண்டு முறை முட்டை, மீன், கொஞ்சம் ஈரல். முள்ளை ஒவ்வொரு முறையும் விரலால் நசுக்கிப் பார்த்து எடுங்கள். அங்கன்வாடியில் ஆறு மாதத்திலிருந்து மூன்று வயது வரை சத்துமாவு தருகிறார்கள்; வாங்கிக்கொள்ளத் தயங்க வேண்டாம். அதில் இனிப்பு சேர்ந்திருப்பதால் மேலும் சர்க்கரை போட வேண்டியதில்லை.

மாம்பழக் காலத்தில் பிறந்தநாள் வருகிற குழந்தைகளுக்கு அதிர்ஷ்டம். மல்கோவாவை நாரில்லாமல் கரண்டியால் வழித்து ஊட்டலாம். நார் அதிகமுள்ள பழத்தை வடிகட்டுங்கள். கொட்டையைச் சப்பக் கொடுக்கும் பழக்கம் வேண்டாம், வழுக்கித் தொண்டைக்குப் போய்விடும்.

கூடாதவற்றில் முதலாவது தேன். ஏற்காடு போய் வருகிறவர்கள் மலைத்தேன் வாங்கி வந்து, “சுத்தமான தேன், குழந்தை நாக்கில் தடவுங்கள்” என்று அன்போடு கொடுப்பார்கள். எவ்வளவு சுத்தமான தேனிலும் போட்டுலிசம் கிருமியின் வித்துகள் இருக்கலாம். ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தையின் குடலில் அவை வளர்ந்து நரம்பைத் தளர்த்தும் நஞ்சை உண்டாக்கும். அடுப்பில் சுட வைத்தாலும் அவை சாவதில்லை. பிறந்தநாள் முடியட்டும், தேன் எங்கும் ஓடிவிடாது. இரண்டாவது பசும்பால். ஒரு வயதுக்குள் அதை முக்கியக் குடிபானமாகக் கொடுத்தால் இரத்தசோகை வரலாம். தயிர், மோர்ச் சோறு பரவாயில்லை. மூன்றாவது டீயில் நனைத்த பிஸ்கட். டீ இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது, பிஸ்கட் பசியைக் கெடுக்கும். அப்பாயி வாயில் பழகிய ருசி அது என்று தெரியும். மரியாதையோடு, “டாக்டர் வேண்டாம்னு சொல்லியிருக்காங்க ஆயா” என்று சொல்லிப் பாருங்கள். சண்டை இல்லாமல் காரியம் நடக்கும். உப்பு மிகக் கொஞ்சம், சர்க்கரை இரண்டு வயது வரை இல்லாமலே இருக்கலாம்.

முழு நிலக்கடலை, முழுத் திராட்சை, தேங்காய்ச் சில்லு, பொட்டுக்கடலை, முறுக்கு, தட்டுவடை எதுவும் இந்த வயதில் கையில் போகக் கூடாது. கடலையை வறுத்து விழுதாக அரைத்துக் கஞ்சியில் கலந்து தரலாம், நல்லதும்கூட.

தொண்டையில் சிக்கிக்கொண்டால் என்ன செய்வது என்பதை வீட்டில் எல்லோரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். சத்தமாக இருமினால் இரும விடுங்கள். சத்தமே வரவில்லை, முகம் நீலம் பாய்கிறது என்றால் குழந்தையைக் கவிழ்த்து உங்கள் முன்கையில் படுக்க வைத்து, தலை தாழ்ந்திருக்கும்படி தாடையைத் தாங்கிக்கொண்டு, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கை அடிப்பகுதியால் 5 முறை ஓங்கித் தட்டுங்கள். வெளிவராவிட்டால் மல்லாத்தி நெஞ்சு எலும்பின் நடுவில் 5 முறை அழுத்துங்கள். மாறி மாறிச் செய்யுங்கள், இன்னொருவர் 108க்கு அழைக்கட்டும். கண்ணுக்குத் தெரியாததை விரல் விட்டுத் துழாவினால் இன்னும் உள்ளேதான் போகும். வாந்தியோ சாப்பாட்டு மறுப்போ வந்தால், உள்ளே ஏதோ சிக்கியிருக்கிறது என்று ஊதியும் உறிஞ்சியும் தொக்கம் எடுக்கிறவரிடம் கொண்டுபோவது நம் பக்கம் இன்னமும் நடக்கிறது. வேண்டாம். குழந்தையின் தொண்டையும் நுரையீரலும் அந்த ஊதலுக்கும் உறிஞ்சலுக்கும் உரியவை கிடையாது.

அட்டையை எடுத்துப் பாருங்கள்

ஒன்பது மாதம் முடிந்ததும் போட வேண்டிய ஊசிகளை நிறையப் பேர் தள்ளிப்போட்டு, பதினோராவது மாதத்தில்தான் ஞாபகம் வந்து ஓடுகிறார்கள். தட்டம்மை ரூபெல்லா முதல் தவணை, நிமோகாக்கல் பூஸ்டர், போலியோ ஊசியின் மூன்றாம் தவணை, அதோடு வாயில் ஊற்றும் வைட்டமின் ஏ ஒரு லட்சம் யூனிட். இவை விட்டுப்போயிருந்தால் பிறந்தநாள் வரை காத்திருக்காமல் வரும் புதன்கிழமையே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ துணை சுகாதார நிலையத்துக்கோ போய்விடுங்கள். புதன்தான் தடுப்பூசி நாள். தனியார் மருத்துவரிடம் போடுகிறவர்களுக்கு டைபாய்டு, புளூ, ஒரு வயதில் மஞ்சள்காமாலை ஏ என்று கூடுதல் ஊசிகள் இருக்கும். எங்கே போட்டாலும் ஒரே அட்டையில் எழுதி வாங்குங்கள்.

அன்றைக்கே எடையும் பார்க்கச் சொல்லுங்கள். பிறந்த எடையைப் போல் ஏறக்குறைய மூன்று மடங்கு ஒரு வயதில் இருக்கும். உலக சுகாதார அமைப்பின் வளர்ச்சி அட்டையில் 12 மாத ஆண் குழந்தையின் நடு அளவு 9.6 கிலோ, பெண் குழந்தைக்கு 8.9 கிலோ. பக்கத்து வீட்டுக் குழந்தை பத்து கிலோ என்பதால் உங்கள் குழந்தை இளைத்தது ஆகாது. அட்டையில் கோடு மேலேறிக்கொண்டே இருக்கிறதா என்பதுதான் கேள்வி. இரண்டு மாதம் தட்டையாகப் போனால் மருத்துவரிடம் கேளுங்கள்.

இரும்புச்சத்து சிரப் கிராம சுகாதார செவிலியரிடம் கிடைக்கும். ஆறு மாதத்திலிருந்து வாரம் இரண்டு முறை, 1 மில்லி. பாலோடு சேர்த்துக் கொடுக்காதீர்கள். மலம் கறுப்பாகப் போகும், பயப்பட ஒன்றுமில்லை.

வயிற்றுப்போக்கு வந்தால் ஓ.ஆர்.எஸ். கரைசலும், 20 மில்லிகிராம் ஜிங்க் 14 நாளும். நின்றுவிட்டது என்று ஐந்தாம் நாள் ஜிங்க்கை நிறுத்த வேண்டாம். பல் முளைக்கிறது என்று காரணம் சொல்லிக் காய்ச்சலையும் பேதியையும் வீட்டிலேயே வைத்திருக்காதீர்கள். பல்லால் எச்சில் ஒழுகும், சிணுங்கல் இருக்கும், 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சலுக்கு வேறு காரணம் இருக்கும். சிறுநீர் போகவில்லை, கண் குழிந்திருக்கிறது, பால் குடிக்கவும் எழவில்லை, மூச்சு இரைக்கிறது என்றால் இரவு பகல் பார்க்க வேண்டாம். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குழந்தைகள் பிரிவு இருக்கிறது. ஏற்காட்டு மலைக் கிராமங்களில் இருப்பவர்கள் ஓ.ஆர்.எஸ்., பாராசிட்டமால் சிரப், தெர்மாமீட்டர் மூன்றையும் வீட்டில் வைத்திருங்கள். குழந்தையின் எடைக்கு எத்தனை மில்லி என்று மருத்துவர் கையால் எழுதி வாங்கி, பாட்டிலிலேயே ஒட்டிவிடுங்கள்.

நடையும் பேச்சும்

ஒன்பது மாதத்தில் நடக்கும் குழந்தையும் உண்டு, பதினாறில் நடக்கும் குழந்தையும் உண்டு. 18 மாதம் தாண்டியும் நடக்காவிட்டால்தான் காட்ட வேண்டும். பிறந்தநாளன்று நடந்தே வந்து கேக் வெட்ட வேண்டும் என்று அவசரப்பட்டு, உட்கார வைத்து உருட்டும் சக்கர வாக்கர் வாங்கிவிடுகிறார்கள். அது நடையைச் சீக்கிரம் கொண்டு வராது. படியில் உருளவும், அடுப்பருகே வேகமாகப் போகவும்தான் உதவும். நம் பழைய மர நடைவண்டி நல்லது. குழந்தை தன் காலில் நின்று, தானே தள்ள வேண்டும். வீட்டுக்குள் வெறுங்காலோடு விடுங்கள்.

பேச்சுக்கு வேண்டியது நீங்கள் பேசுவதுதான். குளிப்பாட்டும்போது, துணி மடிக்கும்போது, பூ வாங்கும்போது என்ன செய்கிறீர்களோ அதைச் சொல்லிக்கொண்டே இருங்கள். போனைக் காட்டி ஊட்டுவதை இந்த வயதிலேயே நிறுத்திவிடுங்கள். இரண்டு வயதில் நிறுத்துவது பெரும்பாடு. ஒரு வயது நெருங்கும்போது பெயர் சொன்னால் திரும்ப வேண்டும், டாட்டா காட்ட வேண்டும், பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும், “மாமா, பாபா” என்று ஏதாவது மழலை வர வேண்டும். இவை எதுவும் வரவில்லை அல்லது வந்தது நின்றுபோனது என்றால் “அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினார்” என்ற ஆறுதலில் நாள் கடத்தாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

தெரியாதவர்களைக் கண்டு அழுவதும், அம்மா குளிக்கப் போனால் கதவைத் தட்டுவதும் இந்த வயதின் இயல்பு. பழக்கம் கெட்டுவிட்டது என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

மொட்டை, காதுகுத்து, மலைப் பயணம்

ஒற்றைப்படை மாதம் என்று பதினோராவது மாதத்தில் குலதெய்வக் கோயிலில் வைப்பவர்கள் அதிகம். மாமன் மடியில் உட்கார வைத்து மொட்டை, அப்படியே காதுகுத்து. தடுப்பூசி போட்ட இரண்டு மூன்று நாளைத் தவிர்த்துத் தேதி குறியுங்கள், இல்லாவிட்டால் காய்ச்சல் எதனால் என்று குழப்பம் வரும். புது பிளேடை நீங்களே வாங்கிப் போய் உங்கள் கண் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள். காது குத்தும் கம்பிக்கும் கைக்கும் சுத்தம் கேட்பதில் கூச்சம் வேண்டாம். திருகாணி இறுக்கமாக இருக்கிறதா என்று தினமும் பாருங்கள். சித்திரை வெயிலில் என்றால் காலை எட்டு மணிக்குள் முடித்துவிடுங்கள். மொட்டைத் தலைக்குப் பருத்தித் தொப்பி வேண்டும்.

ஏற்காட்டுக்குக் கூட்டிப் போகலாமா என்று கேட்பவர்களுக்கு: தாராளமாக. சுமார் 1,500 மீட்டர் உயரம் குழந்தைக்கு ஒன்றும் செய்யாது. 20 கொண்டை ஊசி வளைவு ஏறும்போது காது அடைக்கும்; வழியில் அடிக்கடி ஒரு வாய் தண்ணீர் கொடுத்தால் விழுங்கும்போது விடும். வயிறு நிறைய ஊட்டி உடனே கிளம்பாதீர்கள், ஒரு மணி நேரம் போகட்டும். முன் சீட்டில் மடியில் வைத்து ஏறவே கூடாது. குழந்தைகளுக்கான கார் சீட் பின்னால் இருக்கட்டும். வண்டியை நிறுத்தும் இடங்களில் குரங்குகள் இருக்கும். குழந்தை கையில் பிஸ்கட்டோ பழமோ இருந்தால் பறிக்க வரும், அதனால் ஊட்டுவதெல்லாம் வண்டிக்குள்ளேயே. கீழே வெயில் கொளுத்தினாலும் ஸ்வெட்டரும் காது மூடும் குல்லாவும் பையில் இருக்க வேண்டும்.

விசேஷ நாள்

மண்டபம் சொல்லும் நேரத்துக்குக் குழந்தை கட்டுப்படாது. அதன் தூக்க நேரத்தை எழுதி வைத்து, அது தூங்கி எழுந்து சாப்பிட்ட பிறகு கேக் வெட்டும் நேரத்தை வையுங்கள். இரவு ஒன்பது மணிக்கு விளக்கு, மைக், கூட்டம் என்றால் எந்தப் படத்திலும் அழுத முகம்தான் இருக்கும். ஜரிகைப் பாவாடை, கோட்டு எல்லாம் அரை மணி நேரம் போதும். அப்புறம் பருத்திச் சட்டைக்கு மாற்றிவிடுங்கள். கையிலிருந்து கைக்கு மாறும் நாள் இது. சளி பிடித்த உறவினர் முத்தம் கொடுக்க வந்தால் காலைத் தொட்டுக் கொஞ்சச் சொல்லலாம், தவறாக நினைக்க மாட்டார்கள். க்ரீம் கேக்கை விரலில் தொட்டு ருசி காட்டினால் போதும். பலூன் வெடித்தால் அந்த ரப்பர்த் துண்டுகளை அப்போதே பொறுக்கிவிட ஓர் ஆளை நியமியுங்கள். தொண்டையில் ஒட்டிக்கொண்டால் எடுப்பது மிகக் கடினம்.

பிறந்தநாள் தாண்டியதும் பசும்பால் தொடங்கலாம், நாளைக்கு 500 மில்லிக்கு மேல் போகாமல், டம்ளரில். அடுத்த ஊசிகள் 16 மாதத்திலிருந்து 24 மாதத்துக்குள்: தட்டம்மை ரூபெல்லா இரண்டாம் தவணை, முத்தடுப்பூசி பூஸ்டர், போலியோ பூஸ்டர், வைட்டமின் ஏ. இடையில் சில மாதம் அட்டைக்கு வேலையே இல்லாததால் அது அந்தச் சமயத்தில்தான் தொலைகிறது. ஒரு போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டு, அட்டையை ரேஷன் கார்டோடு ஒரே கவரில் வையுங்கள்.